ஓடுகிறவர்க்கும் விளங்கும்படி

2024-ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் நாம் நான்கு பக்க அறிக்கை ஒன்று எழுதினோம். அதை எழுதத் தூண்டிய நிகழ்ச்சியை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சாம்பல் புதன் கழிந்து மூன்றாம் நாளான பிப்ரவரி 17, சனிக்கிழமையன்று, வெம்பக்கோட்டையை அடுத்த இராமுதேவன்பட்டியில் பட்டாசு ஆலை ஒன்று வெடித்து 10 பேர் மாண்டனர். மறுநாள் தவக்கால முதல் ஞாயிறு. ஆயத்தம் செய்து வைத்திருந்த மறையுரை அன்று நம் நாவில் எழவில்லை. முன் வரிசைகளில் அமர்ந்திருந்த பெண்களின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தோம். அலுமினியத் தூள் ஏறிய விரல்கள் அவை. சனிக்கிழமை மாலை எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் நகக்கண்ணில் அந்த வெள்ளி நிறம் தங்கிவிடுகிறது. திவ்விய நற்கருணை வாங்க நீளும் கைகளில் அதைக் காணாத ஞாயிறு எம் பங்கில் இல்லை.

ஆகவே எழுதினோம். மூன்று இரவுகள் கண்விழித்து எழுதினோம். உராய்வு என்றால் என்ன, நிலைமின்சாரம் எவ்வாறு உண்டாகிறது, கலவை அறையில் எத்தனை பேர் இருக்கலாம், தீப்பட்டால் என்ன செய்ய வேண்டும் என்பனவற்றையெல்லாம் தலைப்பு, உட்தலைப்பு இட்டு முறையாக வகுத்தோம். நல்ல தமிழில் எழுதியிருப்பதாக நமக்கே ஒரு மனநிறைவு. ஞாயிறு திருப்பலி முடிந்ததும் உபதேசியார் வாயிலில் நின்று வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்தார். செவ்வாய்க்கிழமை சிவகாசிக்குப் போகும் வழியில் பேருந்து நிறுத்தத்துக் கடையில் பருப்பு வடை வாங்கினோம். நம் அறிக்கையின் மூன்றாம் பக்கத்தில்தான் அது மடித்துக் கொடுக்கப்பட்டது.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இருபது ஆண்டுகளாகப் பட்டாசு ஆலையில் திரி வைக்கும் பெண்மணி ஒருவரிடம், “அம்மா, அறிக்கையைப் படித்தீர்களா?” என்று கேட்டோம். “படிச்சேன் சாமி. ரொம்ப நல்லா எழுதியிருந்தீங்க” என்றார். அதில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டபோது சற்று யோசித்தார். “கவனமா இருக்கணும்னு போட்டிருந்துச்சு” என்றார்.

மூன்று இரவுகளின் உழைப்பு அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிட்டது. அதுவோ அவர் முன்னரே அறிந்த செய்தி. அவரைக் குறை கூற நமக்கு வாயில்லை. குருமடத்தில் எமக்கு மறையுரையை மூன்று பகுதியாகக் கட்டக் கற்பித்தார்கள், இலத்தீன் கற்பித்தார்கள், தருக்கம் கற்பித்தார்கள். எட்டு மணி நேரம் குனிந்து வேலை செய்து வீடு திரும்பி, அடுப்பு மூட்டிக்கொண்டே ஒரு தாளைப் பார்க்கும் தாய்க்கு ஒரு செய்தியை எப்படிக் காட்டுவது என்பதை யாரும் கற்பிக்கவில்லை.

இதில் வேடிக்கை என்னவெனில், நாம் வாழ்வது படங்களின் நாட்டிலேயே ஆகும். 1922-ஆம் ஆண்டில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். தீப்பெட்டி வந்ததால் அதன்மேல் ஒட்ட லேபிள் வேண்டியிருந்தது. லேபிளுக்காக அச்சகம் வந்தது. அந்நாளில் தீப்பெட்டி வாங்குவோரில் பெரும்பாலோர் எழுத்தறியாதவர். அவர்கள் கம்பெனிப் பெயரை வாசித்து வாங்கவில்லை. சிங்கம், மயில், விளக்கு என்று படத்தைச் சொல்லித்தான் கேட்டார்கள். தீபாவளிக்குச் சேவல் மார்க் வேண்டும், அணில் மார்க் வேண்டும் என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. ஒரு சதுர அங்குலத் தாளில் ஒரு பொருளை எவரும் மறவாதபடி காட்டும் வித்தை நம் சிவகாசி அச்சகத்தாருக்கு மூன்று தலைமுறையாகக் கைவந்தது.

தினசரிக் காலண்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளங்கை அளவுத் தாளில் தேதி பெரிதாக நிற்கிறது. விடுமுறை என்றால் சிவப்பு. நல்ல நேரம் ஓரிடம், இராகு காலம் ஓரிடம். எந்த மூலையில் எது இருக்கும் என்று கண்ணுக்குத் தெரியும். எண்பது வயதுப் பாட்டியும் கண்ணாடி தேடாமலே இன்று ஞாயிறா என்று சொல்லிவிடுவார். நம் திருவழிபாட்டு நாள்காட்டியும் இதே முறையைத்தான் பின்பற்றுகிறது: ஊதா கண்டால் தவக்காலம் அல்லது திருவருகைக்காலம், சிவப்புக் கண்டால் மறைச்சாட்சிகள் அல்லது தூய ஆவி. நிறமே வாக்கியத்தின் வேலையைச் செய்கிறது.

இவ்வளவு இருந்தும், அந்த அச்சகங்களிலிருந்து பத்துக் கல் தொலைவில் உள்ள ஆலைச் செட்டின் சுவரில் உயிர் காக்கும் செய்தி எப்படி எழுதப்பட்டிருக்கிறது? செட்டின் எண், அதில் இருக்கத்தக்க ஆட்களின் எண்ணிக்கை, வைக்கத்தக்க மருந்தின் எடை, இவை சுவரில் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பது விதி. எழுதப்பட்டும் இருக்கிறது. வெள்ளையடித்த சுவரில் எண்களும் எழுத்துகளும். எத்தனையோ விபத்துகளுக்குப் பிறகு விசாரணையில் வெளிப்படுவது ஒன்றே: அனுமதித்ததற்கு மேல் ஆட்கள், அனுமதித்ததற்கு மேல் மருந்து. தீபாவளி நெருங்கும்போது, எண்ணிக்கைக்குக் கூலி என்ற ஏற்பாட்டில், சுவரிலுள்ள எண்ணை யார் பார்க்கிறார்கள்?

மருந்து என்ற சொல்லைப் பாருங்கள். மருத்துவமனையில் கொடுப்பதும் மருந்து, வெடிக்குள் அடைப்பதும் மருந்து. நம் தமிழில் இரண்டுக்கும் ஒரே பெயர். நோய் தீர்ப்பதற்கும் உயிர் போக்குவதற்கும் ஒரே சொல்லை நாள்தோறும் சொல்லிப் பழகிய நாவுக்கு, அச்சொல்லில் அச்சம் எங்கிருந்து வரும்? ஒரு படத்தில் இந்தக் குழப்பத்துக்கு இடமில்லை.

இனி, நாம் செய்ததைச் சொல்கிறோம். உறுதிபூசுதலுக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்த வகுப்பில் ஒரு சிறுமி நன்றாகக் கோலம் போடுவாள். அவளிடம் நம் நான்கு பக்கத்தையும் கொடுத்து, “எழுத்தே இல்லாமல் இதை வரைய முடியுமா மகளே?” என்று கேட்டோம். அவள் முதலில் கேட்டது, “எதை முதல்ல வரையணும் ஃபாதர்?” என்பதாகும். நமக்குப் பதில் தெரியவில்லை! நான்கு பக்கத்தில் இருபத்து மூன்று அறிவுரைகள் எழுதியிருந்தோமே தவிர, அவற்றுள் எது தலையாயது என்று நாமே முடிவு செய்திருக்கவில்லை. எழுத்தில் ஒன்றன்பின் ஒன்றாக எல்லாவற்றையும் அடுக்கிவிடலாம். ஒரே தாளில் வரைய வேண்டுமென்றால் எதைப் பெரிதாக்குவது, எதை விடுவது என்று தீர்மானித்தே ஆக வேண்டும். புள்ளிக் கோலத்தில் எங்கு தொடங்குவது என்று தெரியாதவள் கைப்பிடி மாவோடு நிற்பதைப் போல் நாம் நின்றோம்.

வேலை செய்யும் தாய்மார் நால்வரைக் கோவில் மண்டபத்தில் அமர்த்திக் கேட்டோம். நாம் முதலிடம் கொடுத்திருந்த நிலைமின்சாரம் பற்றி அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. செட்டுக்குள் நுழையுமுன் வாயிலிலுள்ள செப்புத் தகட்டைத் தொட வேண்டும், நைலான் புடவை ஆகாது, இரும்பு ஆகாது, மருந்துத் தட்டை இழுக்காமல் தூக்கி வைக்க வேண்டும் என்பதையெல்லாம் அவர்களே வரிசையாகச் சொன்னார்கள். தெரியாதது எது என்று கேட்டோம். ஒருவர் சொன்னார்: “தெரியாததுன்னு எதுவும் இல்ல சாமி. அஞ்சாவது ஆளு உள்ள வரும்போது நாங்க என்ன சொல்றதுன்னுதான் தெரியல.”

அந்த ஒரு வாக்கியத்தால் தாளின் மேற்பாதி அமைந்தது. ஒரு செட், நான்கு பேர் கறுப்பாக நிரப்பப்பட்ட உருவங்கள், வாயிலில் ஐந்தாமவர், வெறும் கோட்டுருவமாக, வெளியே நிற்கிறார். மருந்தின் எடையைக் கிலோவில் எழுதாமல் தட்டுகளாக வரைந்தோம். கிலோ என்பது தராசுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரிவது தட்டு. ஒவ்வொரு செட்டுக்கும் அளவு வேறு என்பதால் தட்டுகளின் எண்ணிக்கையை அந்தந்தச் செட்டின் அளவுக்குத் தக்கபடி கையால் நிரப்பிக்கொள்ளக் கட்டங்கள் விட்டோம். இதைக் கண்ட போர்மேன் ஒருவர் தாமே முன்வந்து ஒரு தாள் கேட்டு வாங்கிப் போனார் என்பதையும் நன்றியோடு குறிப்பிடுகிறோம்.

முதற்படியை எடுத்துக்கொண்டு நாம் தெருவில் இறங்கியபோது மற்றொரு பாடம் காத்திருந்தது. செய்யக்கூடாத செயல்கள் ஒவ்வொன்றின் மேலும் சிவப்பில் குறுக்கே இரு கோடுகள் இட்டிருந்தோம். வயது முதிர்ந்த பாட்டி ஒருவர் தாளைக் கையில் வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு சொன்னார்: “எல்லாத்துலயும் சிலுவை போட்டிருக்கீங்க சாமி. அப்ப இதெல்லாம் நல்ல காரியந்தானே?” நமக்குச் சிரிப்பும் வந்தது, நெஞ்சும் திடுக்கிட்டது. அந்திரேயா அப்போஸ்தலர் அல்லவா. அவர் சிலுவை அதே வடிவந்தான் என்று எண்ணிக்கொண்டோம். பள்ளிக்கூடத்தில் தவறான விடைக்கு ஆசிரியர் இடும் குறி அது என்பது பள்ளிக்குப் போனவர்க்கே தெரியும். கோவிலுக்கு மட்டும் போனவர்க்கு அது வேறு பொருள் தருகிறது. படம் தானே பேசும் என்று எண்ணுகிறோம். அதுவும் ஒரு மொழியே, கற்றவர்க்கே விளங்கும்.

இவ்வனுபவம் நமக்கு மட்டும் உரியதன்று. கதிரியக்க ஆபத்தைக் காட்ட, நடுவில் புள்ளியும் சுற்றிலும் மூன்று இதழும் கொண்ட சின்னம் ஒன்று நெடுநாளாக உலகெங்கும் வழங்கி வருகிறது. அதைக் கண்டு மக்கள் அஞ்சுவதில்லை, அது விசிறி என்றோ அலங்காரம் என்றோ கருதுகிறார்கள் என்று அனைத்துலக அணுசக்தி முகமை உணர்ந்தது. இந்தியா உட்பட 11 நாடுகளில் பலதரப்பட்ட மக்களிடம் காட்டிச் சோதித்து, 2007-ஆம் ஆண்டில் கூடுதலாக ஒரு புதிய சின்னத்தை வெளியிட்டார்கள். அதில் மேலே பழைய குறியிலிருந்து கதிர்கள் இறங்குகின்றன. கீழே ஒரு மண்டையோடும், அதைவிட்டு ஓடும் மனிதனும். அறிஞர்கள் அறையில் அமர்ந்து ஒப்புக்கொண்டதை மக்களிடம் கொண்டுபோய்க் கேட்ட பிறகே முடிவு செய்தார்கள். நாம் அந்த முறையைப் பாட்டியிடம் கற்றுக்கொண்டோம்.

பருத்திக் காட்டுக்குப் பூச்சிமருந்து அடிக்கும் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. 1971-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகளின்படி ஒவ்வொரு டப்பாவிலும் சாய்சதுரம் ஒன்று உண்டு; அதன் கீழ்ப்பாதியின் நிறம் நஞ்சின் கடுமையைக் காட்டும். சிவப்பு மிகக் கொடியது, மண்டையோடும் இருக்கும். அடுத்தது மஞ்சள், அதற்கடுத்தது நீலம், கடைசியாகப் பச்சை. எம் பங்கில் விவசாயிகள் சிலரிடம் கேட்டபோது, மஞ்சள் என்றால் மங்கலம், தீங்கில்லாதது என்றார்கள்! மஞ்சளும் கடுநஞ்சு, பச்சையும் பால் அன்று, நஞ்சுதான். வாசகர்கள் வீட்டில் உள்ள டப்பாவை இன்றே ஒருமுறை திருப்பிப் பார்ப்பது நலம்.

பெருந்திரளான மக்களுக்குப் படம் கைகொடுத்த நிகழ்ச்சியும் நம் நாட்டிலேயே உண்டு. 1951-52-இல் நடந்த முதற் பொதுத்தேர்தலில் வாக்குரிமை பெற்றவர்கள் 17 கோடிக்கும் மேல். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் எழுத்தறியாதவர். ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி வைத்து, அதன்மேல் காளை, குடிசை, விளக்கு என்று சின்னத்தை ஒட்டினார்கள். குடியாட்சி எழுத்தறிவுக்காகக் காத்திருக்கவில்லை.

நம் திருச்சபையும் காத்திருக்கவில்லை. ஏறத்தாழ 600-ஆம் ஆண்டில் மார்சேய் நகர ஆயர் செரேனுஸ் கோவிலிலிருந்த படங்களை உடைத்தெறிந்தபோது, பாப்பரசர் பெரிய கிரகோரியார் அவரைக் கண்டித்து மடல் எழுதினார். படித்தவர்க்கு நூல் எவ்வாறோ, படிக்காதவர்க்குப் படம் அவ்வாறு என்பது அம்மடலின் கருத்து. பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சின் பிரெத்தாஞ் கரையில் மிக்கேல் லெ நொப்லெஸ் என்ற குரு, ஆட்டுத்தோலில் தீட்டிய படங்களைக் கோலால் சுட்டிக்காட்டி மீனவர்க்கு மறைக்கல்வி அளித்தார். அவர்கள் கடலோடிகள் என்பதால் ஆன்மாவின் பயணத்தையும் கடல் வரைபடம் போலவே தீட்டினார் என்பது நமக்கு மிகவும் பிடித்த செய்தி.

இவர்கள் எல்லோரிலும் நாம் பொறாமை கொள்வது பிளான்ஷே என்ற குருவைக் கண்டே. 1839-ஆம் ஆண்டு வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் அவர் பழங்குடி மக்களிடம் பணியாற்றினார். அவர்கள் மொழி இவருக்கு வராது, இவர் மொழி அவர்களுக்கு வராது. இவர் ஒரு மரக்கோலை எடுத்தார். மெசியா பிறக்குமுன் கழிந்த நாற்பது நூற்றாண்டுகளுக்கு நாற்பது கோடுகள். நம் ஆண்டவர் உலகில் வாழ்ந்த 33 ஆண்டுகளுக்கு 33 புள்ளிகள். அதன்பின் ஒரு சிலுவை. பிறகு கழிந்த 18 நூற்றாண்டுக்கு 18 கோடு, 39 ஆண்டுக்கு 39 புள்ளி. கடைசிப் புள்ளி அவர்கள் நின்றுகொண்டிருந்த அதே ஆண்டு! காலம் என்னும் கண்ணுக்குத் தெரியாத பொருளைக் கையால் தடவிப் பார்க்கும்படி செய்துவிட்டார். பின்னர் அதைத் தாளில் வரைந்து தொங்கவிட்டார்கள்; ‘கத்தோலிக்க ஏணி’ என்ற பெயர் அதற்கு வந்தது. ஒரு கோட்டுக்கு நூறாண்டு, ஒரு புள்ளிக்கு ஓராண்டு என்ற அளவு முறையைக் கவனியுங்கள். அதில் அலங்காரம் இல்லை. கோட்டுக்கும் புள்ளிக்கும் அளவு மாறவேயில்லை.

படம் பிறர்க்குக் காட்டுவதற்கு மட்டுமன்று, நாமே காண்பதற்கும் ஆகும். 1854-இல் இலண்டன் மாநகரில் சோகோ என்னும் பகுதியில் வாந்திபேதி கண்டு சில வாரங்களில் 600-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மருத்துவர் ஜான் ஸ்நோ தெருத் தெருவாக விசாரித்து, இறந்தவர் ஒருவருக்கு ஒரு கறுப்புக் கோடாக வரைபடத்தில் பதிந்தார். கோடுகள் பிராட் தெருவிலிருந்த ஒரே தண்ணீர்க் குழாயைச் சுற்றிக் குவிந்து நின்றன. குழாயின் கைப்பிடி செப்டம்பர் 8 அன்றே கழற்றப்பட்டது; படம் வந்தது அதன் பிறகே. ஆயினும் ஐயுற்றவர்களை நம்பச் செய்ததில் அப்படத்துக்குப் பங்குண்டு. ஐயுற்றவர்களில் ஒருவர் அவ்வட்டாரத்து உதவிக்குரு ஹென்றி ஒயிட்ஹெட். அவர் ஆங்கிலிக்கன் சபையினர். ஸ்நோ சொல்வது தவறென்று காட்டவே புறப்பட்டார். வீடு வீடாக அறிமுகம் உள்ளவர் ஆதலால், மருத்துவரிடம் சொல்லாததை மக்கள் அவரிடம் சொன்னார்கள். இறுதியில், நோய்கண்ட கைக்குழந்தையின் துணியை அலசிய நீர் அந்தக் கிணற்றருகே ஊற்றப்பட்டதை அவரே கண்டுபிடித்தார்.

ஒரு பங்குக் குருவுக்கு இதைவிடச் சிறந்த பாடம் வேண்டுமா? எம் பங்கின் தெருக்களை ஒரு பெரிய தாளில் வரைந்தோம். பட்டாசு ஆலைக்குப் போகும் ஒவ்வொருவருக்கும் வீட்டின்மேல் ஒரு சிவப்புப் புள்ளி. குடும்பப் பதிவேட்டில் இதெல்லாம் பல ஆண்டுகளாக எழுதப்பட்டே இருந்தது. பக்கம் புரட்டிய நமக்கு எதுவும் தோன்றியதில்லை. படத்தில் பார்த்த அன்று இரவு தூக்கம் வரவில்லை. ஒரே வீட்டில் இரண்டு புள்ளிகள். அடுத்த வீட்டிலும் இரண்டு. கணவனும் மனைவியும் ஒரே ஆலை, விசாரித்தால் சில வீடுகளில் ஒரே செட். அந்த வீடுகளின் பிள்ளைகள் நம் மறைக்கல்வி வகுப்பில் முன்வரிசையில் அமர்கிறார்கள். அவ்வீடுகளுக்குச் சென்று, குறைந்தது ஒரே செட்டில் இருக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டோம். சிலர் மாற்றிக்கொண்டார்கள். சிலர், சேர்ந்து செய்தால்தான் கணக்குக் கூடும் என்றார்கள். அவர்கள் கணக்கும் நமக்குத் தெரிந்ததே. வற்புறுத்த நமக்கு மனம் வரவில்லை.

தாளின் கீழ்ப்பாதிதான் கடினமாக இருந்தது. 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிபட்டியில் நடந்ததைப் பெரியவர்கள் மறக்க முடியாது. 30-க்கும் மேற்பட்டோர் மாண்ட அந்த நாளில், இறந்தவர்களுள் பலர் அந்த ஆலையின் தொழிலாளரே அல்லர். புகையைக் கண்டு அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து ஓடிவந்தவர்கள். உதவ வந்தவர்கள், பார்க்க வந்தவர்கள். அவர்கள் சூழ்ந்து நின்ற வேளையில் பெருவெடிப்பு நிகழ்ந்தது. ஆகவே, ‘புகை கண்டால் நெருங்காதே’ என்பதை வரைந்தாக வேண்டும். சிறுமி வரைந்தாள்: ஒரு புறம் புகை, மறுபுறம் முதுகைக் காட்டி விலகிப்போகும் மக்கள்.

அதை மண்டபத்தில் காட்டியபோது யாரும் பேசவில்லை. எதிர்ச்சுவரில் நல்ல சமாரியன் படம் தொங்கிக்கொண்டிருந்தது. விழுந்து கிடப்பவனை விட்டு விலகிப்போனவர்கள் இருவர் என்றும், அவர்களுள் ஒருவன் குரு என்றும் நாம்தாம் ஆண்டுதோறும் பிரசங்கிக்கிறோம். இப்போது விலகிப் போகச் சொல்லி நாமே படம் போட்டிருக்கிறோம்! திரி வைக்கும் அந்தத் தாய், முன்பு அறிக்கையைப் பாராட்டியவர், எழுந்து நின்று கேட்டார்: “என் மக உள்ள இருந்தா, இந்தப் படத்தப் பார்த்துட்டு நான் நின்னுருவேனா சாமி?”

நம்மிடம் பதில் இல்லை. நிற்க மாட்டார். எந்தத் தாயும் நிற்க மாட்டாள். செய்யாதே என்று மட்டும் சொல்லும் படம், செய்ய வேண்டியது என்ன என்று சொல்லாதவரை, ஓடுகிற கால்களை நிறுத்தாது. மறுவாரம் மீண்டும் கூடிப் பேசினோம். ஆலைக்கு ஓடுகிறவர்கள் எதற்காக ஓடுகிறார்கள்? தம் பிள்ளை உயிரோடு இருக்கிறதா என்று அறிவதற்கு. அந்தச் செய்தி வேறோர் இடத்தில் கிடைக்கும் என்று உறுதியானால் அங்கே ஓடுவார்கள். ஆகவே தாளின் கீழ்ப்பாதியை மாற்றினோம். புகையைச் சிறிதாக ஒரு மூலைக்குத் தள்ளினோம். நடுவில் பெரிதாக நம் கோவில் கோபுரமும் அதன் முன்னுள்ள வேப்பமரமும். ஆலையிலிருந்து வெளியேறுவோரும் ஊரிலிருந்து ஓடுவோரும் இரு திசையிலிருந்தும் அம்மரத்தடிக்கே வருகிறார்கள். மரத்தடியில் ஒருவர் கையில் பெயர்ப்பட்டியலோடு நிற்கிறார். உபதேசியாரிடமும் இளைஞர் இருவரிடமும் அந்தப் பட்டியல் இருக்கிறது; திங்கள்தோறும் புதுப்பிக்கிறார்கள். படத்தில் வரைந்துவிட்டதால் அதை உண்மையாக்க வேண்டிய கடமை நமக்கு வந்துவிட்டது என்பதையும் ஒப்புக்கொள்கிறோம்.

எதிரிச் சேனையைப் பற்றி அபக்கூக்கு இறைவாக்கினர் கலங்கி நின்றபோது, கண்ட காட்சியைப் பலகையில் தெளிவாக எழுதும்படியும், ஓடுகிறவனும் அதை வாசிக்க இயல வேண்டும் என்றும் ஆண்டவர் பணித்ததாக அவர் நூலின் இரண்டாம் அதிகாரத்தில் காண்கிறோம். அந்த ‘ஓடுகிறவன்’ யார் என்று விவிலிய அறிஞர் பலவாறு சொல்வர். வெம்பக்கோட்டைப் பக்கம் குடியிருப்பவர்க்கு அதில் ஐயமில்லை.

தீக்காயத்துக்கு ஒரு கட்டம் ஒதுக்கினோம். குழாயைத் திறந்து காயத்தின்மேல் சாதாரணத் தண்ணீரை ஓடவிடுவது, பக்கத்தில் ஒரு கடிகாரம், அதில் இருபது நிமிடம் நிழலிடப்பட்டிருக்கிறது. வளையல், மோதிரங்களை வீங்குமுன் கழற்றுவது. சுத்தமான துணியால் மூடுவது. பிறகு 108. பேனா மை ஊற்றுவதும் பற்பசை பூசுவதும் இன்றும் நம் ஊர்களில் நடக்கின்றன. அவை காயத்துக்குத் தீங்கே செய்யும். ஒட்டிப்போன துணியைப் பிய்த்தெடுக்கவும் கூடாது. இவற்றுக்குச் சிவப்புச் சிலுவைக் குறிக்குப் பதிலாக, நிறுத்துவது போல் விரித்துக் காட்டிய உள்ளங்கை ஒன்றை அருகில் வரைந்து, குறுக்கே ஒரே ஒரு சாய்ந்த சிவப்புக் கோடு இட்டோம். பாட்டியிடம் மீண்டும் காட்டினோம். “வேண்டாம்னு கை காட்டுது” என்றார். அத்தோடு அச்சுக்கு அனுப்பினோம்.

அச்சகத்தில் மெஷின் ஓட்டும் பெரியவர் தாளைப் பார்த்ததும், “எங்க ஒட்டப் போறீங்க சாமி?” என்று கேட்டார். செட்டின் வெளிச்சுவரில், பேருந்து நிறுத்தத்தில், கோவில் மண்டபத்தில் என்றோம். அவர் உதட்டைப் பிதுக்கினார். நான்கு நிற அச்சில் சிவப்பு என்பது தனி மை அன்று. மஞ்சளும் மெஜந்தாவும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து உண்டாவது. வெயிலில் முதலில் வெளுப்பவை அவ்விரண்டுமே. நீலமும் கறுப்பும் நெடுநாள் நிற்கும். சுவரொட்டிகள் சில மாதத்தில் நீலம் பாரித்துப் போவதை நாம் எத்தனையோ முறை கண்டிருக்கிறோம்; காரணம் அன்றுதான் தெரிந்தது. “கோடு போயிரும், படம் நிக்கும்” என்றார் அவர். அதாவது, நம் ஊர் வெயிலில் ஒரு கோடை கழிந்தால் விலக்கும் சிவப்புக் கோடு மறைந்துவிடும். விலக்கிய செயல் மட்டும் கறுப்பில் தெளிவாக நின்று, செய் என்று சொல்லும்.

அங்கேயே உட்கார்ந்து மாற்றினோம். கோடும் உள்ளங்கையும் தடித்த கறுப்பில். சிவப்பு வெறும் துணை நிறம். ஓராண்டுக்குப் பின் பேருந்து நிறுத்தத்திலுள்ள தாளைப் போய்ப் பார்த்தோம். சிவப்பு அடியோடு போயிருந்தது. கோவில் கோபுரமும் வெளுத்துவிட்டது. கறுப்புக் கோடும், உள்ளங்கையும், வேப்பமரத்தடியில் பட்டியலோடு நிற்பவரும் இருந்தார்கள். ஆயினும் தாள் ஓரங்களில் கிழிந்துவிட்டதால் மறு அச்சு வேண்டியிருக்கிறது. ஆடி பதினெட்டுக்குக் காலண்டர் ஆல்பங்கள் வெளிவந்துவிட்டால் அச்சகங்களில் வேறு வேலைக்கு நேரம் கிடைக்காது. அதற்கு முன்பே கொடுத்துவிட வேண்டும் என்று உபதேசியார் நினைவூட்டிக்கொண்டே இருக்கிறார்.